புதன், வியாழன் மாத்திரைகள்

காலை 10.40. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை தன் வீட்டுச் சமையலறைத் தரையில் நினைவில்லாமல் கிடந்தார். முதலில் பார்த்தவர் அவருடைய கணவர். கடைக்குப் போய்த் திரும்பி, வெளிப்பூட்டைத் திறந்துகொண்டு அப்போதுதான் உள்ளே வந்திருந்தார்.

பதினொன்றரைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து காவல் நிலையத்துக்குப் போன் வந்தது. தலைமையாசிரியைக்கு ரத்தத்தில் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கியிருக்கிறது. சர்க்கரை மாத்திரை அளவுக்கு மீறி உள்ளே போயிருக்கிறது.

12.10. இன்ஸ்பெக்டர் அம்மா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அந்த வீட்டின் படியேறினார். ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம் இருந்தது. முட்டி அதற்குள் ஓய்வு கேட்டது.

அந்தத் தம்பதியின் மகன் வாசலிலேயே பிடித்துக்கொண்டான்.

"இதுல விசாரிக்க ஒண்ணுமில்ல மேடம். அப்பாவுக்கு ரெண்டு வருஷமா மறதி. ஒண்ணு கேட்டா ஒண்ணு சொல்வார். வீடு பூரா சீட்டு ஒட்டித்தான் காலம் தள்றார். அம்மாதான் பாத்துக்கிட்டாங்க. இன்னிக்கு அவங்களுக்கே மூணு நாள் மாத்திரைய ஒரேயடியா குடுத்துட்டார்."

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"மறதிக்காரங்களைப் பாத்துக்கற இல்லம் ஒண்ணு இருக்கு. வெள்ளிக்கிழமை அப்பாவைக் கொண்டுபோய் விடறேன்."

மேஜைமேல் ஏழு அறை மாத்திரைப் பெட்டி திறந்து கிடந்தது. அன்று செவ்வாய். செவ்வாயோடு புதனும் வியாழனும் காலி. பக்கத்தில் காதுக் கருவிக்கான பேட்டரி அட்டை, அதோடு கடை ரசீது. ரசீதில் நேரம் அச்சாகியிருந்தது: 9.32.

பெரியவர் நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து வந்து உட்கார்ந்தார். அவ்வளவு உயரம்.

"ஐயா, மாத்திரை யார் எடுத்துக் குடுத்தது?"

"பாத்திரமா? நான்தான் கழுவினேன்."

"பாத்தீங்களா?" என்றான் மகன், அலுப்போடு.

இன்ஸ்பெக்டர் அம்மா தன் காதைத் தொட்டுக் காட்டி, பேட்டரி அட்டையை அவர் பக்கம் நகர்த்தினார். பெரியவர் காதிலிருந்த கருவியைக் கழற்றிப் புதுப் பேட்டரியைப் போட்டார். விரல் நடுங்கவில்லை.

"இப்பக் கேளுங்கம்மா."

"மாத்திரை?"

"நான்தான் குடுத்தேன். எட்டு மணிக்கு ஒண்ணு. மறந்துபோய் ஒன்பதரைக்கு இன்னும் ரெண்டு. தப்பு என்னோடது."

"எப்ப வெளியே போனீங்க?"

"பத்துக்கு."

மனப்பாடம் செய்த பதில்போல வந்தது. இன்ஸ்பெக்டர் அம்மா ரசீதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்க்கப் போனார்.

சமையலறை டப்பாக்களில் சீட்டு. குழாய்க்கு மேலே, 'மூடு'. புடவை அலமாரியில், கீழிருந்து மூன்றாம் தட்டில், 'வெளியே போக'. படிக்க இன்ஸ்பெக்டர் அம்மா குனிய வேண்டியிருந்தது. பின்னறையில் பெரியவரின் பழைய தொழில்: கடிகாரம் பழுதுபார்க்கும் மேஜை, நாற்பது சின்ன டப்பாக்கள். ஒன்றிலும் சீட்டில்லை.

"ஐயா, பெண்கள் கைக்கடிகாரத்துக்கு முள் இருக்கா?"

பின்னாலேயே வந்திருந்த பெரியவர் தேடிக்கூடப் பார்க்காமல் மூன்றாம் வரிசையில் ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தார். முள்தான்.

1.05. டாக்டர் போனில் வந்தார்.

"கண் முழிச்சுட்டாங்க. பிழைச்சுக்குவாங்க. ஆனா மேடம், அவங்களுக்கு ஏற்கெனவே நினைவு தேய ஆரம்பிச்சிருக்கும்னு நினைக்கிறேன்."

"தலைமையாசிரியைக்கா?"

"யாருக்குத்தான் வராது? அறுபத்தஞ்சு தாண்டினா பத்துல ஒருத்தருக்கு வருது. தொண்ணூறை நெருங்கினா மூணுல ஒருத்தருக்கு. சர்க்கரை, ரத்த அழுத்தம், பேச்சுத்துணை இல்லாம தனியா கிடக்கறது, எல்லாம் சேர்ந்து தள்ளிவிடும். காது மந்தமும் ஒரு காரணம். வீட்டுக்காரரையும் ஒருதரம் கூட்டிட்டு வாங்க."

இன்ஸ்பெக்டர் அம்மா மகனை உட்காரச் சொன்னார்.

"உங்கப்பாவுக்கு மறதி இல்ல தம்பி. காதுதான் கேக்கல. ஒன்பதரைக்கு மாத்திரை குடுத்தேன்னார். ஒன்பது முப்பத்திரண்டுக்குக் கடையில நின்னிருக்கார். வெளியே பூட்டிட்டுப் போன வீடு, உள்ளே ஒரே ஆள். மாத்திரைய எடுத்தது உங்கம்மாவேதான். போட்டதை மறந்து அடுத்த அறையத் திறந்திருக்காங்க. அதையும் மறந்து இன்னொண்ணு."

"அப்ப இந்தச் சீட்டெல்லாம்?"

"எல்லாரும் பாத்தோம், எந்த உயரத்துல இருக்குன்னு பாக்கல. ஆறடி மனுஷனுக்கு யாராவது இடுப்புக்கிட்ட ஒட்டுவாங்களா? உங்கம்மா உயரத்துக்கு ஒட்டினது. அவரோட சாமான் ஒண்ணுலயாவது சீட்டு இருக்கா? புடவைக்கு இருக்கு."

அவன் அப்பாவைப் பார்த்தான். பெரியவர் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டு தரம் வெளியே போய் வழி தெரியாம நின்னுட்டா. அதான் பூட்டறது. பேட்டரி தீர்ந்துபோச்சு, அவ கூப்பிட்டா கேக்கல, வாங்கப் போனேன். வர்ற வழியில கால் வலி, உட்கார்ந்துட்டேன்" என்றார். "டீச்சருக்குப் புத்தி போச்சுன்னு யாரும் சொல்லக் கூடாதுன்னு அவதான் கேட்டுக்கிட்டா, தெளிவா இருந்த ஒரு நாள்ல. என்னை எப்படியும் கிறுக்குன்னுதான் நினைச்சாங்க. இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

முழுப் பூசணிக்காயை இரண்டு வருடம் சோற்றில் மறைத்திருக்கிறார். மறைத்தவருக்கு எவ்வளவு களைப்பு என்பது இப்போதுதான் அவர் முதுகில் தெரிந்தது.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேப்பா."

"நீ மாசத்துக்கு ஒருதரம் வர்ற. அரைமணி நேரம் இருக்க. அந்த அரைமணிக்கு அவ சமாளிச்சுடுவா. அதுக்காகவே முந்தின நாள் பூரா தூங்குவா."



மாலை நான்கு மணி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலையை யாரோ வாரிவிட்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் அம்மா கதவோரம் நின்றுகொண்டார். வழக்கை முடித்தாயிற்று, இருந்தாலும் கிளம்ப மனம் வரவில்லை.

அம்மா மகனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க யாரு தம்பி?"

பெரியவர் வழக்கம்போல ஏதோ சொல்லிச் சமாளிக்க வாய் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

"உன் மூத்த பிள்ளைம்மா" என்றான் அவன்.

"அப்படியா" என்றார் அம்மா, மரியாதையாக. "உட்காருங்க."

அவன் உட்கார்ந்தான். அரைமணி நேரம் போயிற்று. அவன் எழுந்திருக்கவில்லை.