தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கூலிகளின் லயத்து வரிசையில் கடைசி வீடு காலியாகக் கிடந்தது. ஏன் காலி என்று வேலாயுதம் கேட்கவில்லை. கிடைத்ததே பெரிது என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு குடிவந்துவிட்டான். அவன் மனைவி மாரியாயிக்கு அப்போது ஏழு மாதம். கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மூன்று பிள்ளைகளைக் காய்ச்சலுக்கு வாரிக் கொடுத்தவள். நாலாவதாவது தங்குமா என்ற ஒரே கவலைதான் அவளுக்கு. ஓர் இடத்தில் உட்காரமாட்டாள். உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

வீட்டுக்குப் பின்னால் செங்கல்லுக்கு மண் வெட்டிவிட்டுப்போன பழைய குழி. அதன் கரையில் ஆளுயரத்துக்கு ஒரு புற்று. நம் சனத்துக்குப் புற்றைக் கண்டால் கை சும்மா இருக்குமா? மறுநாளே மாரியாயி மஞ்சள் பூசி, பால் ஊற்றி, புற்றுவாயில் இரண்டு முட்டை வைத்துக் கும்பிட்டாள்.

"தாயே, இதாவது நிக்கட்டும்."

உள்ளேயிருந்து வெக்கை அடித்தது. ஈரமண் வாடையும், சுட்ட செங்கல் வாடையும். நாகம்மாவின் மூச்சு என்று அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வெள்ளிக்கு வெள்ளி இரண்டு முட்டை தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

பெண் குழந்தை பிறந்தது. முப்பதாம் நாள் பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லி வந்தாள்.

"சும்மா விட்டா இதுவும் போயிரும்க்கா. வித்து வாங்கிரு."

பிள்ளை தங்காத வீடுகளில் செய்வதுதான். குழந்தையைச் சாமிக்கென்று கொடுத்துவிட்டு, ஒரு படி தவிட்டைப் போட்டுத் திரும்ப வாங்குவது. எமன் தேடி வந்தாலும், இது இவள் பெற்றதில்லை, தவிட்டுக்கு வாங்கியது என்று போய்விடுவானாம்.

உச்சிவெயிலில் முறத்தில் குழந்தையைக் கிடத்திப் புற்றுவாயில் வைத்தாள் மாரியாயி. "இது உன் பிள்ளை. இனிமே எனக்கில்லை," என்று மூன்று தரம் உரக்கச் சொன்னாள். திரும்பிப் பாராமல் ஏழடி நடந்தாள். புஷ்பவல்லி குழந்தையை எடுத்துவந்து அவள் மடியில் போட்டாள். மாரியாயி தவிட்டைக் கொண்டுபோய்ப் புற்றுக்குள் கொட்டினாள்.

உள்ளே ஏதோ மூச்சு விட்டது.

கொட்டிய தவிடு அத்தனையும் பறந்து அவள் முகத்திலேயே விழுந்தது.

"காத்துக்கா," என்றாள் புஷ்பவல்லி. அன்றைக்கு ஓர் இலைகூட ஆடவில்லை.

அதற்குப் பிறகு குழந்தை அழுவதை நிறுத்திவிட்டது. பசிக்கு அழாத பிள்ளை உலகத்தில் உண்டா? உடம்பு எந்நேரமும் சுட்டது, ஆனால் காய்ச்சல் இல்லை. மாரியாயிக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுப்புக்கும் தூளிக்குமாக நூறு நடை நடந்தாள்.

ஒரு நாள் காலையில் தூளிக்கு அடியில் மண்தரையில் தடம் பதிந்திருந்தது. நான்கு விரல், நான்கு நகம். நடுவில் வாலை இழுத்துப்போன கோடு.

"உடும்பா இருக்கும் புள்ள," என்றான் வேலாயுதம்.

"உடும்புக்கு என் கையகலப் பாதமாங்க?"

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். பயந்த ஆம்பிளைக்கு வேலை ஒரு சாக்கு.

குழந்தை தூங்கும் நேரம் பார்த்து மாரியாயி புற்றண்டை போய்க் குனிந்து உள்ளே பார்த்தாள். இத்தனை வெள்ளிக்கு வைத்த முட்டைகளில் ஒன்றுகூட உடையவில்லை. எல்லாம் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றையும் சுற்றி ஈரக் களிமண்ணை அணைத்துத் தட்டி வைத்திருந்தது. தொட்டுப் பார்த்தாள். சுட்டது.

தின்னவில்லை. அடைகாத்திருக்கிறது.

குழிக்கரையில் போய்க்கொண்டிருந்த மண் வெட்டும் சீனன் ஆ சோங் அவளைக் கண்டதும் தோளில் மண்கூடை தொங்கிய காண்டாக் கம்பைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"அக்கா, அங்கே போகாதே லா! இத்து பாம்பு இல்லே. காலு இருக்கு, மீசை இருக்கு. எங்க கோயில் தூணிலே சுத்தி இருக்குமே, அந்த ஜாதி. அத்து மேகத்திலே. இத்து மண்ணுக்குள்ளே."

டிராகன் என்று இன்றைக்குச் சொல்கிறோமே, அதில் ஓர் இனம். அதற்கு அன்றைக்கு நம் சனத்திடம் பேரில்லை.

"இத்தோட முட்டை எல்லாம் தெரியாமே மண்ணோட வெட்டிட்டோம்," என்றான் அவன், குரலைத் தாழ்த்தி. "சூளையிலே வெந்துபோச்சு. அன்னைலேருந்து இத்து தேடுது. நீ இத்துக்கு என்னா குடுத்தே?"

ஐயோ! மாரியாயி புற்றை விட்டுத் திரும்பினாள். வீட்டுக்குள் ஓடினாள்.

தூளி ஆடிக்கொண்டிருந்தது.

உள்ளே குழந்தை இல்லை.

தூளிக்குக் கீழே தரையில் புதிதாக ஒரு பொந்து.

குப்புற விழுந்து தோள்வரை கையை விட்டாள். ஓடு அடுக்கியதுபோலச் செதில், கொதிக்கக் கொதிக்க. மெல்லிய மீசை ஒன்று அவள் மணிக்கட்டைத் தடவியது. அவசரமில்லாமல், யாரென்று பார்ப்பதுபோலத் தடவியது. அதற்கும் அப்பால் விரல்நுனியில் ஒரு பிஞ்சுக் கால் தட்டுப்பட்டது. பிடித்துக்கொண்டாள்.

"குடுடீ! பெத்தவ நானு! வாய்தான் குடுத்துச்சு, வயிறு குடுக்கலைடீ!"

அதன் மூச்சு நின்றது. மண்ணுக்குள் எல்லாம் நின்றது.

பிறகு விட்டுவிட்டது. இழுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. கீறல் இல்லாமல், சிரித்துக்கொண்டே, குழந்தை கையோடு வந்தது.

அன்று மாலை ரயிலிலேயே கிள்ளானுக்குப் போய்விட்டார்கள். வேலாயுதம் வேறு கேங்கில் சேர்ந்தான். மண்தரை வேண்டாம் என்று மாரியாயி ஒற்றைக்காலில் நின்றதால் சிமிண்டுத் தரை போட்ட வீடு பார்த்தான். குடிபோகுமுன் கடப்பாரையால் மூலைக்கு மூலை தட்டியும் பார்த்தான். எங்கும் கெட்டியாக இருந்தது.

எட்டு மாதம் ஒன்றுமில்லை. பிள்ளைக்கு ஒரு சளிகூடப் பிடிக்கவில்லை. கொழுகொழுவென்று தவழ்ந்தது. இனி இது தங்கிவிடும் என்று மாரியாயி முதல் தடவையாக நம்பினாள். வாயில் மழலை மட்டும் வரவில்லை. "அம்மா சொல்லு, அம்மா சொல்லு" என்று நாளெல்லாம் மோவாயைப் பிடித்துக் கெஞ்சுவாள். அது அவள் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும், அவ்வளவுதான்.

ஒரு நாள் சாயங்காலம் அவள் அரிசி களைந்துகொண்டிருந்தபோது கூடத்திலிருந்து கேட்டது.

"அம்மா."

"என் ராசாத்தி!" ஈரக்கையோடு ஓடினாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

பிள்ளை அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. சிமிண்டில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையோடு வைத்து, உள்ளங்கையால் தரையை மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா," என்றது மறுபடியும்.

தரைக்கு அடியிலிருந்து, வெகு ஆழத்திலிருந்து, ஒரு தாய் "ம்" கொட்டியது.