சகலையின் எண்

மாமியார் வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, விசாகன் ஈரல்பூட்டின் திறவுகோலை வலது விலாவுக்குக் கீழே அழுத்திப் பிடித்தான். அதன் சின்னத் திரை சிவந்தது. 'நாற்பதுக்குக் கீழே ஆபத்து. தொடரலாமா?'

தொடர்ந்தான். இலக்கை முப்பதில் வைத்தான்.

வெளியே இலை போடும் சத்தம். "ஏனுங்க, உள்ளயே குடியிருக்கறீங்களா?" மனைவி நித்திலா கதவைத் தட்டினாள்.

கோபி வட்டாரத்தில் ஈரல்பூட்டு இல்லாத ஆளே இல்லை. ஈரலோடு ஒட்டிக்கொண்டு கொழுப்புச் சுரப்பை அடைத்துவிடும் கடுகளவுக் கருவி. மணிக்கட்டுப் பட்டையில் இரத்தக் கொழுப்பின் எண் ஒளிரும். எண் குறைந்தால் மவுசு. அந்த வீட்டில் அதற்கொரு வழக்கமே முளைத்துவிட்டது: எந்த மாப்பிள்ளைக்கு எண் குறைவோ, அவர் இலைக்குத்தான் முதல் நெய்.

விசாகன் மூத்த மாப்பிள்ளை. ஆனால் ஆடிக்கு அவன் அறுபதோடு வந்தால் சகலை மணிபாரதி ஐம்பத்தைந்து. தீபாவளிக்கு அவன் நாற்பத்தைந்து, சகலை நாற்பது. நெய்க் கிண்ணம் தன் இலையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அடுத்த விருந்துக்குள் எண்ணை இன்னும் இறக்குவதென்று விசாகன் முடிவு கட்டினான்.

'கொழுப்பு முழுக்க எதிரியில்லீங்க, தசைக்கும் அது வேணும். வலி வந்தா உடனே பூட்டைத் திறந்துருங்க' என்று மருத்துவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். வலி வந்து வாரமாகிறது. உலக்கையால் இடித்ததுபோல் தொடை கனத்தது. சற்றுமுன் சிறுநீர் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் போனது. தண்ணீரை ஊற்றிவிட்டு வெளியே வந்தான்.

பந்தியில் உட்கார்ந்து, எண் முப்பதுக்கு இறங்கியதும் சட்டைக் கையை மடித்துவிட்டான்.

"அடேங்கப்பா, சகலை இந்தத் தடவ விடமாட்டாரு போல" என்று சிரித்தபடி மணிபாரதி கையை நீட்டினான்.

இருபத்தைந்து.

"பெரிய மாப்பிள்ளைக்கு அப்பறமா ஊத்தறேனுங்க" என்று விசாகனிடம் சொல்லிவிட்டு, மாமியார் இளையவன் இலைப் பக்கம் குனிந்தார்.

விசாகன் விருட்டென்று எழுந்தான். எழ நினைத்தான் என்பதுதான் சரி. கால்கள் ஈரத்துணியாய் மடிந்தன. இலைமேலேயே சாய்ந்தான். அவனை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு வண்டிக்கு ஓடியவன் மணிபாரதிதான்.

மருத்துவமனையில் மருத்துவர் அம்மாள் முதலில் விசாகனின் பூட்டைத் திறந்தார். "தசை கரைஞ்சு சிறுநீரகத்துல அடைச்சிருக்குது. தப்பிச்சாலும் நடக்க நாளாகும்." பிறகு மணிபாரதியின் பட்டையைப் பார்த்து அதிர்ந்தார். "நீங்க இன்னும் கம்மி. எப்படி இவரைத் தூக்கிட்டு ஓடினீங்க? அந்தக் கட்டில்ல படுங்க."

"எனக்கு ஒண்ணுமில்லீங்க."

"படுங்கன்னா படுங்க."

படுத்தான். பக்கத்துக் கட்டிலிலிருந்து விசாகன் பார்த்துக்கொண்டே இருந்தான். தன் எண் மெல்ல ஏறியது. முப்பத்தொன்று. சகலையின் பட்டையில் இருபத்தாறு. இவனுக்கு முப்பத்திரண்டு. அங்கே இருபத்தேழு.

"சகல," என்றான் விசாகன், நாக்கு உலர. "உங்க பூட்டை இன்னும் யாரும் தொறக்கலயே. அப்பறம் எப்படி ஏறுது?"

மணிபாரதி மணிக்கட்டுப் பட்டையை அவிழ்த்தான்.

"எனக்குப் பூட்டே இல்லீங்க சகல. தொடை வலி பொறுக்காம எப்பவோ கழட்டிப்போட்டேன். மூத்தவருக்கே முதல் நெய்யான்னு ஒரு எரிச்சல்... இந்தப் பட்டை உங்க எண்ணை வாங்கி, அதுல அஞ்சைக் கழிச்சுக் காட்டும். அவ்வளவுதானுங்க."