தண்ணீர் அடவு

உறுமியைத் தரையில் வைத்துவிட்டார் திருப்பதி மாமா. அவ்வளவுதான், ஒத்திகை நின்றுபோனது!

இடைசெவலுக்குப் பக்கத்துக் கிராமம் அது. சுற்றுலா வேன் வர இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. வெளியூர்க்காரர்கள் முன்னால் முதன்முதலாகத் தேவராட்டம் ஆடப்போகிற பிள்ளைகள் எட்டுப் பேரும், காலில் சலங்கையும் கைக்கொரு துணியுமாகத் திருதிருவென்று விழித்தார்கள்.

“முதல் அடவு சாமிக்கு உள்ளது விஜி. அதைக் கோயில்ல மட்டுந்தான் ஆடணும். வேனுக்கெல்லாம் ஆட முடியாது” என்றார் மாமா.

பயணிகளை வரவழைக்கும் பொறுப்பு விஜி அக்காவுடையது; வேனுக்கு முன்னாலேயே வந்திருந்தார். பாவம், அவர் கையைப் பிசைந்தார். “அப்போ ரெண்டாவது அடவுல ஆரம்பிங்களேன் அண்ணாச்சி.”

“தலை இல்லாம உடம்பு எப்படி ஆடும்?”

“ஆட்டம் இல்லைன்னா வேனை வேற ஊருக்குத் திருப்பிருவாங்க. அப்புறம் இந்தப் பக்கமே வராது.”

ஆடப்போகிற எட்டுப் பேரில் ஒருத்தி பானு. பத்து வயதுதான் அவளுக்கு. மூன்று மாதமாக அவள் நடக்கவே இல்லை. பள்ளிக்கூடத்துக்குக்கூட ஆடிக்கொண்டேதான் போனாள். எல்லாம் வீணா? ஆனால் மாமா சொல்வதும் அவளுக்கு நியாயமாகத்தான் பட்டது. சாமிக்கு உள்ளதை எடுத்து வேறு யாருக்கோ கொடுக்க முடியுமா?

சரி, வருகிறவர்களுக்கு வேறு என்னதான் கொடுப்பது? அவள் வீட்டுக்கு யார் வந்தாலும், பெயரைக் கேட்பதற்கு முன்பே அம்மா செம்பில் தண்ணீர் கொண்டு ஓடுவாள்.

“மாமா! வாரவியளுக்குத் தண்ணி குடுக்குத மாதிரி ஒரு அடவு போட்டு ஆரம்பிப்போமா?”

இரண்டு துணியையும் சேர்த்துக் கைகளில் ஏந்தி, மூன்று எட்டு முன்னால் போய், குனிந்து நீட்டிக் காட்டினாள்.

மாமா அவள் எட்டு வைப்பதையே பார்த்தார். பிறகு உறுமியை எடுத்து மாட்டினார். “ஏட்டி, துள்ளாத. தண்ணி சிந்திரும்லா?”

பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள்.

வேன் வந்தது. உறுமி முழங்கியது. மூன்று எட்டு வைத்துக் குனிந்து துணியை நீட்டினாள் பானு. எதிரே நின்ற உயரமான வெளிநாட்டு அம்மா, சிரித்துக்கொண்டே இரண்டு கைகளாலும் அதை வாங்கிக்கொண்டார்!

“ஏட்டி, துணி போச்சு!” என்று கிசுகிசுத்தான் பக்கத்தில் ஆடிய பேச்சிராஜா.

ஐயையோ! கொடுத்ததைப் பிடுங்கவா முடியும்? பானு வெறுங்கையை நீட்டி, “வாங்க!” என்றாள்.

அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வரிசைக்குள் வந்துவிட்டார். அவரைப் பார்த்து இன்னொருவர், அப்புறம் நாலைந்து பேர். இடது கால் போகவேண்டிய நேரத்தில் எல்லாருக்கும் வலது கால் போனது. மாமா அவர்களுக்காகத் தாளத்தைக் கொஞ்சம் மெதுவாக்கினார்.

“அண்ணாச்சி, பத்து நிமிஷந்தான் சொன்னேன்!” என்று விஜி அக்கா கத்தியது யார் காதில் விழுந்தது? அரை மணி நேரம் கழித்துத்தான் வேன் கிளம்பியது.

“அடுத்த ஞாயித்துக்கிழமையும் கூட்டிட்டு வாரேன்” என்று ஜன்னலில் இருந்து கையசைத்தார் விஜி அக்கா.

மாமா பிள்ளைகள் பக்கம் திரும்பினார். “எல்லாரும் கேட்டுக்கோங்க. அடுத்த வாரம் ஆளுக்கு ரெண்டு சோடித் துணி கொண்டாரணும். ஒரு சோடி ஆடுததுக்கு. இன்னொரு சோடி குடுக்குததுக்கு.”