லோடு எவ்வளவுங்க?

பாடாலூரில் மழை பிடித்துக்கொண்டபோது அபிநயாவுக்கு வேனை ஓரங்கட்ட ஒரே ஓர் இடம்தான் கிடைத்தது. பூவரசன் எலக்ட்ரிக்கல்ஸ் என்று போர்டு போட்ட கடை வாசல். ஒரு பக்கம் ஜெனரேட்டர்கள், மறுபக்கம் சோலார் பிளேட்டுகள். நடுவில் ஒருவன் தலையைத் துவட்டியபடி அவளைப் பார்த்தான். ஈரம் சொட்டும் இமைகளுக்குள் அந்தக் கண்கள் சிரித்தனவா, இல்லை மழைதான் அப்படிக் காட்டியதா...

பூவரசன் அவனேதான். அவளுக்கும் கரண்ட் வேலை ஒன்று பாக்கி இருந்தது. மீன்சுருட்டிக்காரி, ஜெயங்கொண்டத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். பழைய வேன் ஒன்றை வாங்கி, சீட்டுகளைக் கழற்றி, கட்டில், அடுப்பு, அலமாரி எல்லாம் வைத்து வீடாகவே ஆக்கியிருந்தாள். அம்மாவை ராமேஸ்வரம் கூட்டிப்போய் நாலு நாள் கடலோரமாகத் தங்க வைக்க வேண்டும் என்பது அவள் ஆசை. ஜெனரேட்டரா, சோலாரா என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

எது நல்லது என்று அவனிடம் கேட்டாள்.

"லோடு எவ்வளவுங்க?" என்றான்.

அரியலூர்ப் பக்கம் லோடு என்றால் சிமெண்ட் லாரிதான். அவளுக்குச் சுள்ளென்று வந்தது.

"பாத்தா லாரி மாதிரியா இருக்கு? இது வூடுங்க."

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அவன் சிரிக்கவில்லை. கரண்டில் என்னென்ன சாமான் ஓட வேண்டுமோ அதற்குத்தான் தங்கள் தொழிலில் லோடு என்று பெயர் என்று மெதுவாகச் சொன்னான். அவளுக்குக் காது வரை சூடானது. இப்படியா வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வேன்...

பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் அவள் சொல்லச் சொல்ல எழுதினான். ஃபேன் ஒன்று, லைட் நாலு, போன் சார்ஜர் ஒன்று. வேறு ஏதாவது உண்டா என்று நிமிர்ந்தான்.

உண்டு. அம்மா தூங்கும்போது மூச்சு அடைக்காமல் இருக்க மூக்கில் மாட்டுகிற மெஷின் உண்டு. அது இல்லாமல் அம்மா கண் அசந்தால் திணறிக்கொண்டு எழுந்துவிடுவாள். வேனே அதற்காகத்தான். ஆனால் போன வருஷம் வேப்பந்தட்டையிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் அந்த மெஷினைப் பார்த்தார்கள், இது பரம்பரை நோயா என்று கேட்டார்கள், அதோடு போனவர்கள்தான். அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் அபிநயா அதை அலமாரிக்குள் வைத்து மூடிவிடுவாள். இப்போதும் எதிரே இரண்டு கண்கள்... அவை தன்னைப் பார்க்கிற விதம் மாறிவிட்டால்?

"வேற ஒண்ணும் இல்லைங்க" என்றாள்.

அப்படியானால் சோலாரே போதும் என்றான். ஒரு பிளேட்டு, ஒரு பேட்டரி. அவனே வேன் மேல் ஏறி மாட்டிக் கொடுத்தான். மாதம் ஒரு தடவை பேட்டரிக்குத் தண்ணீர் பார்க்க வேண்டும், மறக்காமல் வாங்க என்று இரண்டு முறை சொன்னான். அரியலூர் தாண்டும்வரை அவள் தனக்குத்தானே சிரித்துக்கொண்டே ஓட்டினாள்.

பத்து நாள் கழித்து, பயணத்துக்கு முன்னால் ஒரு ஒத்திகையாக, அம்மாவைக் கொள்ளிடக் கரைக்குக் கூட்டிப் போனாள். மூன்று நாளாக வெயிலே இல்லை, ஒரே மூடாக்கு. மதியச் சாப்பாடு முடிந்து அம்மா தனம் மெஷினை மாட்டிக்கொண்டு படுத்தாள். அபிநயா வெளியே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது உள்ளே ஏதோ உருண்டது. ஓடிப் பார்த்தால் ஃபேனும் ஓடவில்லை, மெஷினும் ஓடவில்லை. அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு காற்றுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள்.

மூச்சு நிதானத்துக்கு வந்ததும் வேனைத் திருப்பியவள் பாடாலூரில்தான் நிறுத்தினாள். கடை நிறைய ஆட்கள். அவர்கள் முன்னாலேயே கத்தினாள். உங்களை நம்பித்தானே வாங்கினேன், எங்க அம்மாவுக்கு ஏதாவது ஆகியிருந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டாள்.

பூவரசன் முதலில் வேனுக்குப் போய் அம்மாவிடம் இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்தான். பிறகுதான் பில் புத்தகத்தைத் திருப்பினான்.

"ஃபேன் ஒண்ணு, லைட் நாலு, போன் சார்ஜர் ஒண்ணு... இதுல நான் எதையாவது விட்டுட்டேனாங்க?"

குத்திக்காட்டக் கேட்கவில்லை. தன் தப்பைத்தான் தேடினான்.  வேன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு அவன் படித்தது கேட்டுவிட்டது.

"என் மெஷின சொல்லலையாடி?"

அபிநயா தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்னைய சொல்றதுக்கு உனக்குக் கூச்சமா இருந்துச்சா?"

கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அம்மா சாதாரணமாகக் கேட்டாள், தெரிந்ததைச் சரிபார்ப்பதைப் போல. அபிநயாவுக்கு அங்கேயே கரைந்து போய்விட வேண்டும் போலிருந்தது. பெற்றவளின் மூச்சை ஒளித்து வைத்தது அவள். கூட்டத்தில் திட்டு வாங்கியது ஒரு பாவமும் அறியாத இவன்.

அவன் கையிலிருந்த பேனாவை வாங்கினாள். ஃபேனுக்கும் மேலே, முதல் வரியாக, "அம்மாவின் மூச்சு மெஷின்" என்று எழுதினாள். கண்ணீர் விழுந்து மை கலைந்தது.

"உங்ககிட்ட மறைச்சேங்க. நீங்க என்னைய பாக்குற பார்வை மாறிடும்னு பயந்துட்டேன்... அம்மாவ விட அது எனக்குப் பெருசாப் போச்சு."

 கடைக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

"நானும் ஒண்ணு மறைச்சேங்க" என்றான். "மழைக்காலத்துக்கு ஜெனரேட்டர்தான் தோது. நான் அத சொல்லல. ஜெனரேட்டர் வாங்கிட்டுப் போனவங்க திரும்ப வரமாட்டாங்க. சோலார்னா தண்ணி பாக்க மாசாமாசம் நீங்க வரணும்... தொழில்ல இப்படி நான் செஞ்சதே இல்ல. வெக்கமா இருக்குங்க."

மறுபடி தூறல் போட்டது. அம்மா மெஷினை எடுத்து மடியில் வைத்துப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள், ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் பார்க்கும்படியாக. அபிநயா அவளருகே போய் நின்றாள். அம்மா மகளின் கன்னத்தையும் அதே தலைப்பால் துடைத்துவிட்டாள்.

நாலு பிளேட்டும் இரண்டு பெரிய பேட்டரியும் மாட்டி, மூடாக்குக்குத் துணையாக, புகை உள்ளே வராமல் வேனை விட்டுத் தள்ளி வைத்து ஓட்டுவதற்கு ஒரு சின்ன ஜெனரேட்டரும் தருவதாக அவன் தலை நிமிராமலே சொன்னான்.

"தண்ணி எப்பப்ப பாக்கணும்?" என்றாள் அபிநயா.

"மாசத்துக்கு ஒரு தடவைங்க."

"வாராவாரம் பாத்தா கெட்டுப்போயிடுமா...?"

அவன் நிமிர்ந்தான். அன்று மழையில் பார்த்த அதே கண்கள்... ஒரு துளியும் மாறவில்லை.

"கெடாதுங்க" என்றான்.