ஒரு வாரம் பத்தாது

விருந்தாளிகளுக்கென்று எடுத்து வைத்திருந்த ரோஸ் நிறத் துண்டு, குளியலறைக் கொடியில் ஈரம் சொட்டச் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு விருந்தாளி யாரும் வந்திருக்கவில்லை.

ஸ்ரீகண்டன் ஆபீஸ் பையைக்கூட இறக்கி வைக்காமல் அதையே பார்த்தபடி நின்றார். ஒக்கலிபுரத்தில் ரயில்வே லைனை ஒட்டிய அந்தப் பழைய மாடி வீட்டில் இருப்பது அவர், மனைவி ஜெயலக்ஷ்மி, ஒன்பது வயது மகன் ரித்விக், அவ்வளவுதான். அவரவருக்குத் தனித் துண்டு உண்டு. ரோஸ் துண்டு பீரோவுக்குள் அந்துருண்டைகளோடு தூங்கும்.

"ஜெயா, இந்தத் துண்டை யார் எடுத்தது?"

"நீங்கதான் எடுத்திருப்பீங்க. காலைல அவசரத்துல எதை உருவினோம்னு உங்களுக்கே தெரியாது." சமையலறையிலிருந்து குரல் மட்டும் வந்தது.

காலையில் போட்டிருந்தால் சாயங்காலத்துக்குள் காய்ந்திருக்காதா? துண்டை மூக்கருகே கொண்டுபோனார். சோப்பு வாசனை இல்லை. ஈர விறகின் புகை, அதற்கடியில் மழையில் ஊறி மட்கிய இலை, அதற்கும் அடியில் நனைந்த கம்பளி. சிட்டி ஸ்டேஷனின் டீசல் புகையையே சுவாசித்து வாழும் வீட்டுக்குள் இப்படி ஒரு மலைவாசனை எங்கிருந்து வந்தது?

மலை என்று நினைத்த மாத்திரத்தில் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எல்லாம் 1994-ல் ஆரம்பித்த வினை. பொருட்காட்சியில் ரித்விக்குப் பஞ்சுமிட்டாய் வாங்கப் போன இடத்தில், யாரோ நீட்டிய சீட்டில் பெயரும் போன் நம்பரும் எழுதிப் பெட்டியில் போட்டார். பரிசு விழுந்திருக்கிறது, தம்பதியாக வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று பெரிய ஹோட்டல் ஒன்றுக்குக் கூப்பிட்டார்கள். ஸ்ரீகண்டன் மெஷின் டூல் கம்பெனியில் பர்சேஸ் மேனேஜர். போல்ட்டுக்கும் நட்டுக்கும்கூடப் பல இடத்தில் கொட்டேஷன் வாங்கிப் பார்க்கிற மனுஷன். அவரையே டை கட்டிய ஒரு பையன் ஏசி ஹாலில் உட்காரவைத்து உருக்கிவிட்டான். வருஷத்துக்கு ஒரு வாரம் மலைமேல் உங்கள் சொந்த வீடு சார், உங்களுக்கு அப்புறம் உங்கள் மகனுக்கு, மகனுக்கு அப்புறம் பேரனுக்கு. கையெழுத்துப் போட்டுவிட்டு, பரிசாகக் கொடுத்த ஐஸ் பக்கெட்டோடு வெளியே வந்தபோது அவர் 'நீலச்சாரல் ஹாலிடே கிளப்' மெம்பர்.

அதற்குப் பிறகு வந்த ஐந்து கோடைகளில் ஒருமுறைகூட அந்தச் சொந்த வீட்டை அவர்கள் கண்ணால் பார்க்கவில்லை. மே மாதம் கேட்டால் சீசன். தசராவுக்குக் கேட்டால் ஃபுல். மழைக்காலத்தில் ரூம் கிடைக்கும், அப்போது ரித்விக்குப் பரீட்சை இருக்கும். பராமரிப்புக் கட்டணம் மட்டும் வருஷம் தவறாமல் கேட்டு வரும். விற்றுத் தலைமுழுகலாம் என்றால் வாங்க ஆளில்லை. மகனுக்கும் பேரனுக்கும் என்று அன்று தேனாக இனித்தது, இன்று பரம்பரை வியாதி மாதிரி பயமுறுத்தியது.

ஜெயலக்ஷ்மி முதல் வருஷமே பெட்டி கட்டிவிட்டாள். அதை அவள் பிரிக்கவே இல்லை. பீரோ தலையில் அப்படியே இருந்தது. அதற்குள் நாலு வயது ரித்விக்குக்காக வாங்கிய நீல ஸ்வெட்டர். இப்போது போட்டால் கை முழங்கையோடு நின்றுவிடும்.

"அதான் ஐஸ் பக்கெட் குடுத்தாங்களே," என்பாள் வருஷா வருஷம். "அதுல காலை விட்டுக்கிட்டு உக்காருங்க. மலைமேல இருக்கற மாதிரியே இருக்கும்."

போன வாரம் அவர் மறுபடி கிளப் ஆபீசுக்குப் போன் செய்தபோது, அங்கிருந்த ஷில்பா என்ற பெண் மறுபடி ஃபுல் என்றாள்.

"வேணும்னா எக்ஸ்சேஞ்ச்ல போடலாம் சார். உங்களோடதை இன்னொரு மெம்பர் எடுத்துப்பாங்க. அவங்களோடது உங்களுக்கு."

"எதை வேணாலும் எடுத்துக்கோங்கம்மா," என்று கத்தினார் ஸ்ரீகண்டன். "எனக்கு ஒரு வாரம் குடுத்தா போதும்."

"ஓகே சார்," என்றாள் ஷில்பா, மிகவும் இனிமையாக.

துண்டைத் திரும்பக் கொடியில் போட்டுவிட்டுக் கையை இரண்டு முறை கழுவினார். வாசனை போகவில்லை.

அடுத்த நாள் காலையில் கீஸரில் வெந்நீர் காலி. யாரும் இன்னும் குளிக்கவில்லை. யாரும் படுக்காத முன்ரூம் கட்டிலில் மெத்தை பள்ளமாக அழுந்தியிருந்தது. தொட்டால் சில்லென்று ஈரம். ஹால் தரையில் ஆங்காங்கே செம்மண் கலந்த தண்ணீர். துடைத்தார். சாயங்காலம் திரும்ப இருந்தது. கூரை ஒழுகுகிறது என்றாள் ஜெயலக்ஷ்மி. ஒழுகினால் கால் அச்சு வடிவத்தில் ஒழுகுமா என்று கேட்க வாயெடுத்து, மென்று விழுங்கிக்கொண்டார்.

புதன்கிழமை ஸ்கூட்டரை நிறுத்தும்போது கீழ்வீட்டு பெர்னார்ட் கேட் அருகே நின்றிருந்தார்.

"என்ன சார், ஊர்லேருந்து ஆளுங்களா? சொல்லவே இல்லையே."

"யாரு வந்தா? யாரும் இல்லையே."

"சரிதான் போங்க. மத்தியானம் பூரா பால்கனியில ஒரு அம்மா தலையை விரிச்சிக்கிட்டு நிக்கறாங்க. சொட்டச் சொட்ட ஈரம். என் பொண்டாட்டி காயவெச்ச அப்பளம் மொத்தமும் போச்சு சார். தலை துவட்டிக்கிட்டு வந்து நிக்கச் சொல்லுங்க."

ஸ்ரீகண்டன் மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார். ரித்விக் படுக்கையறை வாசலில் குப்புறப் படுத்திருந்தான். பழைய கதவு, அடியில் பெரிய இடைவெளி. அதன் வழியே பொம்மைக் காரை உள்ளே தள்ளி விளையாடுவது அவன் வழக்கம். தள்ளிவிட்டு, எழுந்துபோய் எடுத்து வருவான்.

இப்போது அவன் எழுந்திருக்கவில்லை. கார் தானாகவே திரும்பி வந்தது.

"உள்ள யாருடா? அம்மாவா?"

"அம்மா கடைக்குப் போயிருக்கா. அது அந்தப் பையன்பா. முன்ரூம்ல தூங்குவானே, அவன். குளிருதுன்னு என் ஸ்வெட்டரைக் கேட்டான். எனக்குத்தான் சின்னதாயிடுச்சே, குடுத்துட்டேன்."

கதவைத் தள்ளித் திறந்தார். அறையில் யாரும் இல்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி, பீரோ தலையிலிருந்த பெட்டியைத் திறந்து பார்த்தார். எல்லாம் மடித்தது மடித்தபடி. நீல ஸ்வெட்டர் இருந்த இடத்தில் மட்டும் ஒரு ஈரப் பள்ளம்.

மறுநாள் ஆபீசிலிருந்து கிளப்புக்குப் போன் செய்தார்.

"நமஸ்காரா சார், ஷில்பா. குட் நியூஸ். உங்க எக்ஸ்சேஞ்ச் கன்ஃபர்ம் ஆயிடுச்சு. கெஸ்ட்ஸ் திங்கக்கிழமையே செக்-இன் பண்ணிட்டாங்க."

"எங்கே செக்-இன் பண்ணாங்க?"

"உங்க வீட்ல சார். ஒக்கலிபுரம்தானே?"

"நான் கிளப் ரூமைத்தானேம்மா சொன்னேன்."

"கிளப்ல உங்களுக்கு ரூம் எங்க சார் இருக்கு? அது எப்பவும் ஃபுல்தானே. எதை வேணாலும் எடுத்துக்கோங்கன்னு நீங்கதான் சொன்னீங்க."

"யாரு அவங்க?"

"மெம்பர்ஸ் சார், உங்களை மாதிரியே. வாரம் கிடைக்காம ரொம்ப வருஷம் காத்துக்கிட்டிருந்தவங்க, பாவம். ஞாயித்துக்கிழமை காலைல பதினோரு மணிக்கு செக்-அவுட். நீங்களும் அவங்க இடத்துக்குப் போய் இருந்துட்டு வரலாம் சார். நிறைய மரம். ரொம்ப அமைதி. அங்க போனவங்க யாரும் இதுவரைக்கும் ஒரு கம்ப்ளெயின்ட் பண்ணதில்லை."

இதை எந்த வாயால் ஜெயாவிடம் சொல்வது? அவசரப்பட்டு மெம்பராகச் சேர்ந்ததற்கே ஐந்து வருஷமாக வாங்கிக் கட்டிக்கொள்கிறார். ஆத்திரத்தில் வீட்டையே தூக்கிக் கொடுத்தேன் என்று சொன்னால்? ஞாயிறு வரை பல்லைக் கடித்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தார். அப்புறம் போய்விடுவார்கள். போய்த்தானே ஆக வேண்டும்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடைமழை. அவர் வீட்டுக்குள் நுழையும்போதே கரண்ட் போயிற்று. தண்டவாளத்தில் ஷன்ட்டிங் வண்டி ஒன்று முனகிக்கொண்டே பின்வாங்க, அதன் விளக்கொளியில் ஜன்னல் கம்பிகளின் நிழல் சுவரில் ஊர்ந்து கடந்தது. சமையலறையில் அடுப்பின் நீலச் சுடர் மட்டும். அதன் முன்னால் தரையில் ஜெயலக்ஷ்மி முதுகைக் காட்டி உட்கார்ந்து, மடியிலிருந்த ரித்விக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த இருட்டு அவருக்குச் சௌகரியமாக இருந்தது. முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிடலாம். வாசற்படியில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். எக்ஸ்சேஞ்ச், ஷில்பா, பால்கனி, ஸ்வெட்டர்.

"தப்பு என்னோடதுதான் ஜெயா. ஆனா பயப்படாதே. ஞாயித்துக்கிழமை அவங்க போயிடுவாங்க. நானே நின்னு அனுப்பி வெக்கறேன்."

கை சோற்றைப் பிசைவது நின்றது. தலைமுடியிலிருந்து தரையில் சொட்டும் சத்தம் கேட்டது.

"ஒரு வாரம் பத்தாதுங்க," என்றாள் அவள்.

குரல் ஜெயாவின் குரல்தான். ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. என்ன சொல்கிறாள்? மடியில் இருக்கும் பையன் ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறான்?

பின்னால் வாசல் கதவு திறந்தது.

"இருட்டுல அங்க யார்கிட்ட பேசறீங்க?" என்றாள் ஜெயலக்ஷ்மி. மொட்டைமாடியிலிருந்து எடுத்து வந்த துணி மூட்டையோடு, ரித்விக்கின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "டார்ச் அடிங்க, பாக்கலாம்."

அவர் அடிக்கவில்லை. அடிக்க முடியவில்லை.

சனிக்கிழமை காலை கிளப் திறந்ததும் போன் செய்தார்.

"கெஸ்ட்ஸ்க்கு உங்க வீடு ரொம்பப் பிடிச்சுப்போச்சாம் சார். எக்ஸ்டென்ஷன் கேக்கறாங்க."

"முடியாது. நாளைக்கு அனுப்பறேன். கதவைத் திறந்து வெச்சு நானே அனுப்பறேன்."

"ஓகே சார். அப்போ உங்க ஃபேமிலி அவங்க இடத்துக்கு எப்ப..."

மேலே கேட்காமல் படாரென்று போனை வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணியை நெருங்கும்போது வெளியே பளீரென்று வெயில். ஸ்ரீகண்டன் ஜெயாவையும் ரித்விக்கையும் படுக்கையறைக்குள் போகச் சொன்னார்.

"என்னங்க பைத்தியக்காரத்தனம் இது? அடுப்புல பால் வெச்சிருக்கேன்."

"கொஞ்ச நேரம்தான் ஜெயா. நான் கூப்பிடறவரைக்கும் வெளிய வராதீங்க. காரணம் அப்புறம் சொல்றேன்."

"காரணம் சொல்லி நீங்க எதைத்தான் செஞ்சிருக்கீங்க?" முணுமுணுத்துக்கொண்டே மகனை அழைத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டார். அவர்களுடைய பாதுகாப்புக்காக. ஒருமுறை இழுத்தும் பார்த்துக்கொண்டார். பிறகு வாசல் கதவை அகலத் திறந்து, அதன் ஓரமாக நின்றார்.

கடிகாரம் அடித்தது.

முதலில் குளிர் வந்தது. பிறகு பெட்டி இழுபடும் சத்தம். செருப்புகளின் சரசரப்பு. பெரிய காலடி. சின்னக் காலடி. பார்க்கக் கூடாது. பார்த்தால் தாங்காது. கண்களை இறுக்க மூடிக்கொண்டார்.

"போங்க," என்றார். "போயிடுங்க. திரும்பி வராதீங்க."

ஏதோ ஒன்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தது. சின்னக் கை. இழுத்தது. மறுபடி இழுத்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அதை உதறினார். காலடிகள் படியிறங்கின. குளிர் வடிந்தது.

கண்ணைத் திறந்தார்.

தரை காய்ந்திருந்தது.

வாரம் முழுக்க அவர்கள் இந்த வீட்டில் பதித்த ஒவ்வொரு கால் அச்சிலும் தண்ணீர் நின்றது. இப்போது வெளியே போன கால்கள் ஒரு சொட்டுக்கூட விடவில்லை.

பீரோ தலையில் பெட்டி இருக்கிறதா? பார்க்க வேண்டுமானால் படுக்கையறைக்குள் போக வேண்டும். அவர் பால்கனிக்கு ஓடினார்.

கீழே சேறு அப்பிய வெள்ளை வேன் சத்தமே இல்லாமல் நகர்ந்துகொண்டிருந்தது. பின்கண்ணாடிக்குள் அந்தப் பழைய பெட்டி. பக்கத்தில் ஜெயலக்ஷ்மி. கண்ணாடியில் ரித்விக்கின் இரண்டு உள்ளங்கைகள். அடித்துக்கொண்டிருந்தான். வாய் திறந்து மூடியது. ஒரு சத்தமும் கேட்கவில்லை. இருவர் பெயரையும் சொல்லி அவர் அலறினார். வேன் ரயில்வே பாலத்துக்கடியில் நுழைந்தது. மறுபக்கம் வரவில்லை.

அடுப்பில் பால் பொங்கித் தீயும் நாற்றம்.

டொக். டொக்.

படுக்கையறைக் கதவு. போட்ட தாழ்ப்பாள் போட்டபடியே.

"ஏங்க," என்றது ஜெயாவின் குரல். "எல்லாரும் போயிட்டாங்களா? கதவைத் திறங்க."

பால்கனியிலிருந்து உள்ளே வந்தவர், கதவுக்கு இரண்டடி தள்ளி நின்றுவிட்டார்.

"குளிருதுங்க. தொறங்க."

கதவின் அடியிலிருந்து செம்மண் தண்ணீர் மெல்லக் கசிந்து அவர் கால்வரை வந்தது. அதன் பின்னால், அந்த இடைவெளி வழியே, வெளிறி ஊறிய சின்னஞ்சிறு விரல்கள் தரையைத் துழாவியபடி வெளியே வந்தன. பிறகு கை.

நீல ஸ்வெட்டர். மணிக்கட்டு வரை. அளவெடுத்துப் பின்னியதுபோல் கச்சிதமாக.