ரிம்மா வீட்டில் மூன்று தட்டு

குழாயில் தண்ணீர் இல்லை. கடைசிச் சொட்டு வரை வடித்துவிட்டுத்தான் வெனியமின் ஐந்து தளமும் படியேறி வந்திருந்தார். ஆனாலும் வெந்நீரால் அறையைச் சூடாக்கும் அந்த இரும்பு ரேடியேட்டர் தட்டியது.

ணங். ணங். ணங். ணங்.

நான்கு. அவசரமே இல்லாமல், விரலை மடக்கி யாரோ கதவைத் தட்டுவது போல.

முப்பது வருடமாக அந்தக் குடியிருப்பின் ரேடியேட்டர்களுக்கு வயிற்று வைத்தியம் பார்ப்பவர் வெனியமின். சளசளவென்று சத்தம் வந்தால் உள்ளே காற்று. திருகைத் திறந்துவிட்டால் பெரிய ஏப்பமாக விட்டு அடங்கிவிடும். விசில் அடித்தால் வால்வு பாதி மூடியிருக்கிறது. படபடவென்று அடித்துக்கொண்டால் வாஷர் கழன்று தண்ணீரோடு ஆடுகிறது. சூடு ஏறும்போதும் இறங்கும்போதும் டிக் டிக் என்றால் இரும்பு நீள்கிறது, சுருங்குகிறது. வயதானவர்களின் முட்டி மாதிரி. இன்றைக்கு அத்தனையும் பார்த்தாயிற்று. காற்றை விட்டார். வாஷரை மாற்றினார். குழாய் தரைக்குள் இறங்கும் ஓட்டையில் கம்பளித் துணியை அடைத்தார். எதற்கும் மசியவில்லை. கடைசியில் அடித்தளத்துக்குப் போய், ஐந்து வீட்டுக்கும் ஏறுகிற அந்த நிலைக்குழாயையே மூடி, மொத்தத் தண்ணீரையும் வடித்துவிட்டார். வெற்றுக் குழாய்க்கு வயிற்றுவலி வராது என்பது அவர் கணக்கு.

ஜன்னலுக்கு வெளியே, ரஷ்யாவின் வடக்கே ஓடும் பெச்சோரா ஆறு உறைந்து கிடந்தது. மதியம் மூன்று மணிதான். இருட்டி ஒரு மணி நேரமாகிறது. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்து நான்கு டிகிரி. சீக்கிரம் தண்ணீரைத் திருப்பி விடாவிட்டால் ஐந்து வீடும் விறைத்துப்போகும்.

"நாலா தட்டுச்சு?" என்றாள் ரிம்மா. மடியில் எட்டு மாதக் குழந்தை ஸ்லாதா. "எப்பவும் மூணுதான் தட்டும், வெனியமின் லூகிச். நீங்க வந்ததுலேருந்துதான் நாலு."

"எனக்கு மரியாதை பண்ணுதும்மா. இந்த ஊர்ல அதாவது பண்ணுதே."

ரிம்மா பாதிதான் சிரித்தாள். அவள் கணவன் வடக்கே எரிவாயு வயலில். முறை முடிந்து திரும்ப இன்னும் ஒரு மாதம். "எனக்கு சத்தம் பெருசில்ல. இவளப் பாருங்க. அது தட்டுனா இவ சிரிக்கிறா. நடு ரூம்ல ஒண்ணுமில்லாத எடத்தப் பாத்து கையத் தூக்குறா, என்னைத் தூக்குன்னு. அவரு வர்ற வரைக்கும் இவள நான் ஒருத்திதான் பாத்துக்கணும். பத்து நாளா நான் கண்ண மூடல."

வெனியமின் ரெஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"யாராச்சும் கரண்டியால தட்டுறாங்களா இருக்கும். போய்ப் பாத்துட்டு வரேன்."

அந்தக் கட்டடத்தில் அது வழக்கம்தான். மேல் வீட்டில் பாட்டு அலறினால் கீழ் வீட்டுக்காரர் கரண்டியை எடுத்து ரேடியேட்டரைச் சாத்துவார். திட்டு குழாய் வழியாக ஐந்து தளமும் போய்ச் சேரும். படியேறும் சிரமம் மிச்சம்.

நான்காம் தளத்து வீடு காலி. குடியிருந்தவர்கள் தெற்கே கடற்கரைப் பக்கம் போய்விட்டார்கள். சாவி இவரிடம்தான் இருந்தது. கதவில் காதை வைத்தார். சத்தமில்லை. திறந்து, டார்ச்சை அடித்துக்கொண்டு, பாச்சை உருண்டையும் பழைய தூசியும் மணக்கும் அறையின் நடுவில் போய் நின்றார்.

ணங்.

ஒன்று. ஒன்றே ஒன்று.

"வணக்கம்," என்று வெனியமின் வாயிலிருந்து வந்துவிட்டது. குழாய்க்கு வணக்கம் சொன்ன வெட்கத்தில், கதவைப் பூட்டவும் மறந்து இறங்கினார். மூன்றாம் தளத்தில் புதுமணத் தம்பதி. கரண்டி யார் கையிலும் இல்லை. அவர் உள்ளே நிற்கும்போது மூன்று தட்டு. "எப்பவும் ரெண்டுதான் அடிக்கும்," என்றாள் அந்தப் பெண்.

இரண்டாம் தளத்தில் கபா அத்தை தேநீரும் பழப்பாகும் எடுத்து வைத்தாள்.

"அடேய் வெனியா, முப்பது வருஷமா சம்பளம் வாங்குற. ஒரு குழாயோட வாய மூட முடியலையே உன்னால."

"உங்க வாயையே மூட முடியல அத்தை. குழாயா எனக்கு அடங்கும்?"

ணங். ணங்.

"பாத்தியா!" அத்தை தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். "நான் ஒத்தையா இருந்தா ஒண்ணு. நீ வந்ததும் ரெண்டு. ஞாயித்துக்கெழம மகளும் ரெண்டு பேத்தியும் வந்தாங்க, நாலு அடிச்சுது. ஆள எண்ணுதுடா! பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி."

வெனியமினும் சிரித்தார். பாதியில் சிரிப்பு நின்றது. பழப்பாகு வைத்த கரண்டி வாய்க்கும் தட்டுக்கும் நடுவே அப்படியே நின்றது.

கபா அத்தை ஒருத்தி, ஒன்று. தம்பதி, இரண்டு. காலி வீட்டில் அவர் மட்டும், ஒன்று.

ரிம்மா. ஸ்லாதா.

எப்பவும் மூணுதான் தட்டும்.

"அத்தை, ரிம்மாவையும் கொழந்தையையும் கூட்டிட்டு வரேன். கதவத் தெறந்தே வைங்க."

"என்னடா, மூஞ்சி சுண்ணாம்பா இருக்கு?"

அவர் வெளியே வந்தார். படிக்கட்டில் நின்றார். கீழே போனால் தெரு, பேருந்து, வீடு, மனைவி. வெனியமின் தைரியசாலி இல்லை. அவர் வீட்டில் கரப்பான் பூச்சி அடிப்பதே மனைவிதான். இறங்கிப் போவதற்கு நல்ல நல்ல காரணங்களாக நான்கைந்து யோசித்தார். ஒன்றும் இல்லாத இடத்தைப் பார்த்துக் கையைத் தூக்கும் எட்டு மாதப் பிள்ளையின் முன்னால் ஒரு காரணமும் நிற்கவில்லை. கால்கள் மேலே ஏறின. முட்டிகள் டிக் டிக் என்றன.

மூன்றாம் தளத்துக்கு மேல் விளக்குகள் அணைந்திருந்தன. சற்று முன்பு வரும்போது எரிந்தவை.

ரிம்மாவின் கதவில் காதை வைத்தார். உள்ளே அவள் குழந்தையிடம் ஏதோ கொஞ்சிக்கொண்டிருந்தாள். அவர் வெளியே. அவர் கணக்கில் இல்லை.

ணங். ணங்.

போதும், என்று மனதுக்குள் சொன்னார். போதும். நிறுத்து.

ணங்.

ரிம்மா கதவைத் திறந்தபோது அவர் முகத்தில் ஒரு புன்னகையை ஒட்டவைத்திருந்தார். அது எவ்வளவு நேரம் ஒட்டும் என்று அவருக்கே தெரியவில்லை.

"குழாய்ல மறுபடி தண்ணி விடப்போறேன்மா. வால்வு பிச்சுக்கிட்டா வெந்நீர் பீச்சியடிக்கும். கொழந்தையத் தூக்கிட்டு கபா அத்தை வீட்டுக்கு வந்துடுங்க. அரை மணி நேரந்தான்."

"இப்பவேவா? இவளுக்கு ஸ்வெட்டர் கூட மாட்டல."

"மாட்டிட்டு வாங்க. சீக்கிரம். படியில வெளக்கு இல்ல, நான் முன்னாடி நின்னு டார்ச் அடிக்கிறேன்."

பாதிப் படி இறங்கி, திருப்பத்தில் நின்று, வெளிச்சத்தைப் படிகளின் மேல் விழும்படி பிடித்தார். மேலே கதவு திறந்தது. ரிம்மாவின் குரல். பை உரசும் சத்தம். குழந்தை களுக்கென்று சிரித்தது. பிறகு, மூச்சு புகையாக உறையும் அந்தக் குளிரில், இடதுபக்கம் லேசான வெதுவெதுப்பு ஒன்று அவரை ஒட்டிக் கடந்தது. சூடான இரும்பின் வாசனை. டார்ச்சைத் திருப்பினார். அதற்குள் கீழ்ப்படிகளில் ஒருவருமில்லை.

செருப்புச் சத்தம். ரிம்மா இறங்கி வந்தாள். தோளில் பை, மார்போடு அணைத்த போர்வை மூட்டை. அவருக்கு உயிர் வந்தது.

"வாங்க, வாங்க. என் பின்னாலேயே வாங்க."

நான்காம் தளம். அவர் பூட்டாமல் போன கதவு அகலத் திறந்து கிடந்தது. உள்ளே இருட்டு. வேகமாகக் கடந்துவிடப் பார்த்தார்.

ணங்.

நின்றார். உள்ளே ஆளில்லை. அவர் உள்ளே இல்லை. ரிம்மா அவருக்குப் பின்னால்.

ணங்.

இரண்டு.

"ரிம்மா," என்றார். குரல் யாருடையதோ போல இருந்தது. "கொழந்தைய இறுக்கிப் புடிச்சுக்கங்க."

"என்ன வெளையாடுறீங்க?" போர்வை மூட்டை அவிழ்ந்து, பால் புட்டி ஒன்று எட்டிப் பார்த்தது. "உங்ககிட்டதான குடுத்தேன்? புட்டியெடுக்க உள்ள போனப்ப, வாசல்ல கைய நீட்டினீங்களே. நல்லவேள, கை கதகதன்னு இருந்துச்சு."

வெனியமின் தன் கைகளைப் பார்த்தார். ஒன்றில் டார்ச். ஒன்றில் ரெஞ்ச். இரண்டும் குளிரில் நீலம் பாரித்திருந்தன.

காலி வீட்டுக்குள் ஸ்லாதா சிரித்தாள்.

டார்ச்சைத் திருப்பினார். தரையில் தேடினார். இல்லை. ஜன்னலடியில் இல்லை. வெளிச்சத்தை மெல்ல மேலே ஏற்றினார். ரேடியேட்டருக்குப் பக்கத்தில், ஆள் தோள் உயரத்தில், மஞ்சள் ஸ்வெட்டர். கன்னம் காற்றில் சாய்ந்திருந்தது. கண்கள் தூக்கத்தில் சொருகிக்கொண்டிருந்தன. பத்து நாளாக அவளை எப்படித் தூங்கவைப்பது என்று நன்றாகவே தெரிந்த எதுவோ, அவளைப் பக்கத்துக்குப் பக்கம் மெல்ல ஆட்டியது.

குழந்தையின் முதுகில் ஸ்வெட்டர் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு அமுங்கியது. எழுந்தது. அமுங்கியது.