மேசைமேல் ஒரு பாரம்

தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கரின் பிணம் ஆபீஸ் மேசைமேல் கிடந்தது.

செத்தவர்களை அழைத்துக் குறிசொல்லும் கோடாங்கி ஆண்டியப்பன் கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகையில் கிடந்தான்... கைகால் கட்டப்பட்டு!

இவன் ஏமாற்றுக்காரன், தோட்டத்துக்குள் விடாதீர்கள் என்று முந்தாநாள்தான் கிளாக்கர் சொல்லியிருந்தார். காலையில் பார்த்தால் இவன் வேட்டியில் ரத்தம். முனிக்கு அறுத்த சேவலின் ரத்தம் என்று சாதித்தான். லிந்துலையிலிருந்து போலீஸ் வரும்வரை தோட்டத் தொழிலாளி நல்லமுத்து மடுவத்து வாசலில் காவல்.

நல்லமுத்துவின் மனைவி வேலாயி கைதிக்குத் தேத்தண்ணி கொண்டுபோனாள். ஆடி மழைக்கு அந்த நேரம்தானா கிடைத்தது?

தடால்!

மேட்டு மண் சரிந்து கதவை அடைத்தது. உள்ளே அவளும் அவனும். முழங்காலளவு சேறு. வெளியே நல்லமுத்து வெட்ட வெட்ட மண் இறங்கிக்கொண்டேயிருந்தது.

"கட்ட அவுத்துவிடு தங்கச்சி. கூரைத் தகரத்தப் பேத்துருவேன்."

"மாட்டேன். நீ கொலகாரன்."

"நான் ஆபீஸ் வாசலயே மிதிச்சதில்ல... அது கெடக்கட்டும். ஒம் புள்ள எங்க?"

வேலாயி கதவுப் பக்கம் திரும்பினாள். ஆறு மாதக் குழந்தை... கீழே, புள்ளமடுவத்தில், ஆயாவிடம். அங்கேயும் மண் சரிந்திருந்தால்?

ஆண்டியப்பன் கண்ணை மூடினான். தலை ஆடியது. குரல் பெண்குரலானது.

"வேலாயி... குளிருதடி..."

"யாரு?"

"ஒன்னப் பெத்தவ. அம்மாக்கண்ணு. இவன் கட்ட அவுத்துவிடு. இல்லாட்டி மத்தியானத்துக்குள்ள ஒம் புள்ள என் மடியில."

வேலாயி சேற்றை மிதித்து நகர்ந்தாள். மூலையில் கிடந்த கவ்வாத்துக் கத்தியை எடுத்தாள்.

அவன் சிரித்தபடி கைகளை நீட்டினான்.

கத்தி அவன் கழுத்தில் போய் நின்றது!

"எங்காத்தா பேரு வீரம்மா."

அவன் கழுத்தைப் பின்னுக்கு இழுத்தான். கத்தியும் கூடவே போனது.

"நேத்துச் சாயங்காலம் கிளாக்கர் ஐயா என் பிரஜாவுரிமைப் பாரம் எழுதுனாரு. பக்கத்து லயத்து வீட்டுக்காரி ஆத்தா பேர எனக்குப் போட்டுட்டாரு. வாசிச்சுக் காட்டுறப்பத்தான் சொன்னேன். காலையில திருத்தித் தாரேன்னு ஆபீஸ் மேசையில வச்சாரு." அவள் கத்தியை அழுத்தினாள். "எனக்கு ஆத்தா அம்மாக்கண்ணுன்னு இருக்கது அந்த ஒரு கடுதாசியிலதான். வாசல மிதிக்காமயா படிச்ச?"

கதவோரம் வெளிச்சம் விழுந்தது.

"வேலாயி..." நல்லமுத்து மூச்சிரைத்தான். "ஆயா சத்தம் குடுத்துச்சு. புள்ள நல்லாருக்கு."

அவள் அழுதாள். கத்தி மட்டும் அசையவில்லை.

"தங்கச்சி, விட்டுரு..." ஆண்டியப்பனுக்குச் சொந்தக் குரல் திரும்பியிருந்தது.

"செத்தவங்களக் கூப்புடுவியில்ல? கிளாக்கர் ஐயாவக் கூப்புடு. என் பாரத்தத் திருத்தணும்."